செயற்கைக்கோளைப் பட்டிமன்றத்தில் ஏற்றாதீர்கள்: எங்கள் ஊர்த் திருவிழாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திருவிழாக் குழுவினருக்கும் இளைஞர் மன்றத்துத் தம்பிகளுக்கும்,

இந்த ஆண்டுத் திருவிழாவின் எட்டாம் நாள் இரவு "செயற்கைக்கோள்: சாதனையா? சதியா?" என்ற தலைப்பில் பட்டிமன்றம் நடக்கும் என்று அறிவித்திருக்கிறீர்கள். செயற்கைக்கோள் என்று ஒன்று வானத்தில் இல்லவே இல்லை என யூடியூபில் தொடர்ந்து பேசிவருகிற ஒருவரைச் சிறப்புப் பேச்சாளராக அழைத்திருப்பதாகவும் அறிவிப்பில் இருக்கிறது. அதைக் கைவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். குழுவில் இருப்பவர்களிடம் நேரில் பேசிப் பார்த்தேன். "ரெண்டு பக்கமும் பேசட்டும் டீச்சர், ஜனங்க முடிவு பண்ணட்டும்" என்றார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் இந்தக் கரையில் பிறந்தவள். அப்பா கட்டுமரத்திலும் பிறகு வள்ளத்திலும் கடலுக்குப் போனவர். இப்போது பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் இயற்பியல் சொல்லித் தருகிறேன். உங்களில் பலர் என்னிடம் படித்தவர்கள். கடலோடு சம்பந்தமில்லாத ஏதோ ஓர் ஊரில் இப்படி ஒரு பட்டிமன்றம் நடந்தால் வருத்தப்பட்டுவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். நம் ஊரில் அப்படி விட முடியாது.

அந்தப் பேச்சாளரின் வீடியோத் துண்டுகள் சில மாதங்களாகவே நம் ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. அரசாங்கம் படகுகளுக்குக் கொடுத்திருக்கும் டிரான்ஸ்பாண்டர் (செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பி வாங்கும் பெட்டி) வெறும் ஏமாற்று வேலை, அது அனுப்புவதை வாங்க வானத்தில் எதுவும் கிடையாது என்று ஒன்றில் சொல்கிறார். அதே வீடியோவில், அது நம்மை வேவு பார்க்க வைத்த கருவி என்றும் சொல்கிறார். வாங்குவதற்கு மேலே ஒன்றும் இல்லையென்றால் வேவு பார்க்கவும் வழியில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது என்று அதைப் பகிர்ந்தவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, தன் அண்ணன் போகிற போட்டில் அந்தப் பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் இந்த முறை ஆழ்கடலுக்குப் போயிருக்கிறார்கள் என்றான். பெருமையாகச் சொன்னான். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் செல்போன் சிக்னல் போய்விடும். வயர்லெஸ்ஸும் பக்கத்துப் படகுகள் வரைக்கும்தான். அதற்கு அப்பால், நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கிற இடத்தில், கரையோடு பேச நம் படகுகளுக்குக் கைகொடுக்கிற வழி மேலே இருக்கிற செயற்கைக்கோள்தான். ஆபத்து என்றால் பெட்டியில் பொத்தானை அழுத்தலாம், படகு நிற்கும் இடம் கரைக்குத் தெரியும். புயல் எச்சரிக்கை அந்தப் பெட்டி வழியாகப் படகில் இருப்பவரின் செல்போனுக்கே தமிழில் வந்து சேரும். இதைத்தான் அந்தப் படகில் கழற்றி வைத்திருக்கிறார்கள்.

ஒக்கிப் புயல் வந்தபோது நம் தம்பிகளில் பலர் ஆரம்பப் பள்ளியில் இருந்தார்கள். அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 நவம்பர் 29ஆம் தேதி இலங்கையை ஒட்டி இருந்த காற்றழுத்தத் தாழ்வு ஒரே நாளில் வலுத்து, 30ஆம் தேதி குமரிக் கடலில் புயலாக மாறியது. கரையில் இருந்தவர்களிடம் கடலுக்குப் போகாதீர்கள் என்று சொல்ல முடிந்தது. ஏற்கெனவே பல நாள் முன்பு கிளம்பிப் போனவர்களுக்குச் சொல்ல எந்த வழியும் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று இந்தக் கரை முழுக்க வாசலில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். சில படகுகள் லட்சத்தீவிலும், சில குஜராத், மகாராஷ்டிரக் கரைகளிலும் போய் ஒதுங்கின. பல படகுகள் எங்கேயும் ஒதுங்கவில்லை. என் சித்தப்பா மகன் போன படகும் அதில் ஒன்று. தேடுதல் தாமதமானபோது நம் ஆட்களே படகெடுத்துத் தேடப் போனார்கள். டிசம்பர் 7ஆம் தேதி ஆயிரக்கணக்கில் திரண்டு குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். அன்றைக்குக் காணாமல் போனவர்களைத் தேடச் சொல்லிக் கேட்டோம். அதன் பிறகு வந்த கூட்டங்களிலும் மனுக்களிலும், எவ்வளவு தூரம் போனாலும் செய்தி வந்து சேருகிற கருவி வேண்டும் என்று கேட்டோம். சாட்டிலைட் போன், நாவிக் கருவி (ஜிபிஎஸ் போன்ற இந்தியச் செயற்கைக்கோள்களின் சிக்னலை வாங்குவது), அப்புறம் டிரான்ஸ்பாண்டர் என்று ஒவ்வொன்றாக வந்ததற்குக் காரணம் இந்தக் கரையின் அழுகையும் கோபமும். யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

அரசாங்கத்தின் மேல் நம்பிக்கை போனவர்கள்தான் இந்த வீடியோக்களை அதிகம் நம்புகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கோபம் நியாயமானது. எனக்கும் அது இன்னும் ஆறவில்லை. ஆனால் இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒக்கியின் மேகச் சுழலை செயற்கைக்கோள்கள் மேலிருந்து படம் பிடித்தன. அந்தப் படங்கள் இருந்தன என்பதால்தானே, "இன்னும் முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை, கடலுக்குள் இருப்பவனுக்குச் செய்தி போக ஏன் வழி செய்யவில்லை" என்று நம்மால் கேட்க முடிந்தது? செயற்கைக்கோளே இல்லை என்று வைத்துக்கொண்டால், புயல் கடலில் உருவாவது முன்கூட்டியே சரியாகத் தெரிந்திருக்க வழி குறைவு. தெரியாத ஒன்றுக்கு யார் பதில் சொல்வார்கள்? இந்தப் பேச்சாளர் அதிகாரத்தை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொள்கிறார். உண்மையில் அவர் சொல்வதை ஒப்புக்கொண்டால், அன்று கடமை தவறிய எல்லோரும் குற்றமில்லாதவர்கள் ஆகிவிடுவார்கள். நாம் குழித்துறையில் உட்கார்ந்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும். நம் ஊர் மேடையில் நின்று இதைச் சொல்ல நாமே ஒருவருக்குச் சால்வை போட வேண்டுமா?

ஆதாரம் கேட்கிறவர்களுக்கு ஆதாரமும் சொல்கிறேன். இதற்காக அமெரிக்காவுக்கோ ஸ்ரீஹரிகோட்டாவுக்கோ போக வேண்டியதில்லை.

கடலிலிருந்தே தொடங்கலாம். ஜிபிஎஸ் சிக்னல் செல்போன் டவரிலிருந்துதான் வருகிறது என்கிறார் அவர். நம் ஆழ்கடல் படகுகள் கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கடல் மைல் போகின்றன. பூமி உருண்டை என்பதால் கரையில் இருக்கும் டவரின் அலை அவ்வளவு தூரத்தை எட்டாது. செல்போன் செத்துக் கிடக்கும். ஜிபிஎஸ் மட்டும் கரையில் வேலை செய்வதைப் போலவே அங்கேயும் துல்லியமாக இடம் காட்டும். அதன் ஆன்டெனாவை எல்லாப் படகிலும் ஏன் கேபின் உச்சியில் வானத்தைப் பார்த்துப் பொருத்துகிறார்கள் என்று எந்த டிரைவரிடமும் கேளுங்கள். மேலே ஓர் அலுமினியப் பாத்திரத்தைக் கவிழ்த்தால் போதும், கருவி இடம் தெரியாமல் தடுமாறும். அதே கருவியில் ஒரு பக்கம் திருப்பினால் இப்போது தலைக்கு மேல் எந்தெந்தச் செயற்கைக்கோள்கள் எந்தத் திசையில் இருக்கின்றன என்று வட்டமாக ஒரு படம் வரும். ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள், எல்லாம் இடம் மாறியிருக்கும். ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறவை அவை. குறைந்தது நான்கிலிருந்து சிக்னல் கிடைத்தால்தான் கருவி நம் இடத்தைச் சரியாகக் கணக்குப் போட முடியும்.

பழைய ஆட்களுக்கு இன்னொன்று நினைவிருக்கலாம். ஜிபிஎஸ் வந்த புதிதில், அது காட்டிய இடத்துக்குப் போனாலும் பாரை (மீன் சேரும் கடலடிப் பாறைத் திட்டை) கண்டுபிடிக்கச் சுற்றிச் சுற்றித் தேட வேண்டியிருந்தது. பொதுமக்களுக்குப் போகும் சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்ததுதான் காரணம். 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தினார்கள். சுமார் நூறு மீட்டர் வரை இருந்த பிழை ஒரே இரவில் பத்து, இருபது மீட்டராகக் குறைந்தது. நம் கடலில் மட்டுமில்லை, உலகத்தின் எல்லாக் கடலிலும் ஒரே நேரத்தில். எந்த டவரைத் திருத்தி நடுக்கடலில் இதைச் செய்ய முடியும்?

ஜிபிஎஸ்ஸுக்கு முன்னால் நம் தாத்தாக்கள் பாரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கரையில் தெரியும் மலை முகட்டையும் கோயில் கோபுரத்தையும் ஒரு கோட்டில் சேர்ப்பார்கள். இன்னொரு திசையில் வேறு இரண்டு அடையாளங்களை ஒரு கோட்டில் சேர்ப்பார்கள். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் பார். தொட்டுப் பார்க்க முடியாத இடத்தில் இருப்பதை இரண்டு கோடு போட்டுக் கண்டுபிடிக்கிற அறிவு நம் பரம்பரைச் சொத்து. அதே வழியில் செயற்கைக்கோளையும் கண்டுபிடிக்கலாம். டிடிஎச் டிவிக்காக 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு மேல் நிற்கும் ஒரு செயற்கைக்கோளை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரியில் டிஷ் வைத்தால் அதன் அலை அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 78 பாகை உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலிருந்து வருகிறது. ஸ்ரீநகரில் அதே செயற்கைக்கோளுக்கு ஏறத்தாழ 49 பாகைதான். இரண்டு கோடுகளையும் வரைந்து நீட்டினால் அவை எந்த மலையிலும் டவரிலும் சந்திப்பதில்லை. பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் சந்திக்கின்றன. பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்த எந்தப் பிள்ளையும் இதைப் போட்டுப் பார்க்கலாம். என் வகுப்பில் போட்டுப் பார்த்தோம்.

உங்கள் குழுவிலேயே கேபிள் டிவி நடத்துகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு மொட்டை மாடியில் பெரிய பெரிய டிஷ்கள் ஆகாயத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் வாக்கில் ஒருமுறையும் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் ஒருமுறையும், சில நாள்களுக்குத் தினமும் சில நிமிடம் படம் கெட்டுப்போகும். எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அவருக்கு முன்கூட்டியே தகவல் வந்துவிடும். அந்த நிமிடங்களில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறது. சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலைகள் டிஷ்ஷுக்குள் நேராக விழுந்து சிக்னலை மூழ்கடித்துவிடுகின்றன. சிக்னல் தரையிலிருக்கும் கோபுரத்திலிருந்து வந்தால், உச்சி வெயில் சூரியனுக்கு அதில் என்ன வேலை? எனக்குத் தெரிந்து இதைவிட எளிமையான, யாரும் தங்கள் வீட்டிலேயே பார்க்கக்கூடிய சாட்சி வேறில்லை. அந்த அண்ணனை மேடையேற்றி இதைச் சொல்ல வையுங்கள் என்றுகூடக் கேட்டுப் பார்த்தேன். பட்டிமன்றத்தில் சுவாரஸ்யமாக இருக்காது என்றார்கள்.

எங்கள் பள்ளி அறிவியல் மன்றப் பிள்ளைகள் செய்ததையும் சொல்ல வேண்டும். கணினியில் செருகுகிற ஒரு சின்ன ரேடியோக் கருவி, சில ஆயிரம் ரூபாய்தான். இரண்டு அலுமினியக் கம்பிகளை வி வடிவத்தில் விரித்து ஆன்டெனா செய்தார்கள். அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளான நோவா-19 தலைக்கு மேல் கடக்கும் நேரத்தைக் கணித்துவைத்துக்கொண்டு பள்ளி மாடியில் நின்றோம். சொன்ன நிமிடத்தில் 137 மெகாஹெர்ட்ஸை ஒட்டி டிக் டிக் என்று ஒலி எழுந்தது. நொடிக்கு இரண்டு வரியாகக் கணினித் திரையில் படம் இறங்கியது. அரபிக்கடல் மேல் மேகம், பிறகு இந்தியாவின் முனை, பக்கத்தில் இலங்கை. அது நம்மை நெருங்கும்போது அலைவரிசை கொஞ்சம் ஏறியும், விலகும்போது இறங்கியும் இருந்தது. அவ்வளவு வேகமாக ஒரு பொருள் கடந்து போகும்போதுதான் அப்படி ஆகும். கால் மணி நேரத்துக்குள் அடிவானத்தில் ஒலி தேய்ந்து நின்றுவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, எந்த நிறுவனத்தையும் நம்பவில்லை, இன்டர்நெட்டிலிருந்து படத்தை எடுக்கவும் இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகளின் கையில் இருந்த கம்பியில் வந்து விழுந்த படம் அது. அந்த நோவா-19 செயற்கைக்கோளை வயதாகிவிட்டதால் 2025 ஆகஸ்ட்டில் நிறுத்திவிட்டார்கள். ரஷ்யாவின் மீட்டியோர் செயற்கைக்கோள்களிலிருந்து இப்போதும் இதேபோல் படம் பிடிக்கலாம்.

பள்ளிப் பிள்ளைகள் இப்படிச் செய்வது புதிதும் இல்லை. 1957 அக்டோபர் 4ஆம் தேதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியது. 83.6 கிலோ எடையுள்ள அந்த உலோகப் பந்தின் பீப் பீப் ஒலியை உலகம் முழுக்க அமெச்சூர் ரேடியோக்காரர்கள் தங்கள் வீட்டிலிருந்தே கேட்டார்கள். எதிரி நாடான அமெரிக்காவில் இருந்தவர்களும் கேட்டார்கள். இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரில் ஜெஃப்ரி பெர்ரி என்ற இயற்பியல் ஆசிரியர் இருந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் பள்ளியில் வைத்திருந்த சாதாரண ரேடியோவில் சோவியத் செயற்கைக்கோள்களைக் கேட்டு, வந்துபோகிற நேரங்களைக் குறித்து வந்தார்கள். 1966இல் ஒரு செயற்கைக்கோளின் பாதை வழக்கமான ஏவுதளத்தோடு ஒத்துப்போகவில்லை. பென்சிலும் தாளுமாகக் கணக்குப் போட்டு, சோவியத் அரசு வெளியில் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த பிளெசெட்ஸ்க் ஏவுதளம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து உலகத்துக்குச் சொன்னார்கள். வல்லரசு மறைத்ததைப் பள்ளிப் பிள்ளைகள் வெளியே கொண்டுவந்தார்கள் என்றால், அதே பிள்ளைகளுக்கு வல்லரசு சொன்ன பொய்யும் பிடிபட்டிருக்காதா? அதிகாரத்தைக் கேள்வி கேட்பதற்கு ஓர் அடையாளம் வேண்டுமென்றால் என் மாணவர்களுக்கு நான் காட்டுவது அந்த வகுப்பைத்தான்.

யூடியூப் பேச்சாளரின் மற்ற வாதங்களில் பெரிதாக ஒன்றும் இல்லை. பூமியின் படத்தில் செயற்கைக்கோள்கள் ஏன் தெரியவில்லை என்கிறார். 12,742 கிலோமீட்டர் விட்டமுள்ள உருண்டை முழுவதும் அடங்கும் படத்தில் ஒரு பேருந்து அளவுப் பொருள் ஒரு புள்ளியாகக்கூட விழாது. அந்த உயரத்தில் வெப்பம் ஆயிரம் பாகையைத் தாண்டும், உலோகம் உருகிவிடும் என்கிறார். அங்கே காற்று மிகமிக மெலிந்து கிடக்கிறது. துகள்கள் வேகமாகப் பறந்தாலும் உலோகத்தைச் சூடாக்கும் அளவுக்கு அவற்றின் எண்ணிக்கை இல்லை. எல்லாம் பலூன்தான் என்கிறார். பலூன் முப்பது, நாற்பது கிலோமீட்டர் போகும், காற்று தள்ளுகிற பக்கம் மிதக்கும், கீழே விழும். ஹைதராபாத்திலிருந்து டாடா ஆராய்ச்சி நிறுவனம் அனுப்பும் பலூன்கள் தெலங்கானா வயல்களில் வந்து இறங்குவதை அங்கே உள்ள மக்கள் கண்ணால் பார்க்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் பூமியைச் சுற்றிவர எந்தப் பலூனாலும் முடியாது.

கடலடி கேபிள் பற்றி அவர் சொல்வதில் மட்டும் பாதி உண்மை இருக்கிறது. நாடுகளுக்கு இடையே போகும் இன்டர்நெட்டில் மிகப் பெரும்பகுதி கேபிள் வழியாகத்தான் போகிறது. அதனால் செயற்கைக்கோள் தேவையே இல்லை, ஆகவே அது இல்லை என்று அவர் முடிக்கிறார். அந்தமானில் உறவினர் இருப்பவர்களைக் கேளுங்கள். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடி கேபிள் 2020 ஆகஸ்ட்டில்தான் அங்கே பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை தீவுகளின் போனும் இன்டர்நெட்டும் வெளியுலகத்தோடு செயற்கைக்கோள் வழியாகத்தான் பேசின. அலை 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்பி வரக் கிட்டத்தட்ட கால் நொடி ஆகும். நாம் கேட்ட கேள்விக்குப் பதில் வர இன்னொரு கால் நொடி. அந்த இடைவெளியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தித் திணறியது அங்கே பேசிய எல்லோருக்கும் தெரியும். கேபிள் வந்த பிறகு அந்தத் திணறல் போய்விட்டது. கேபிளை எங்கே வேண்டுமானாலும் இழுக்கலாம், ஓடிக்கொண்டிருக்கிற மீன்பிடிப் படகுக்கு இழுக்க முடியாது.

இதையெல்லாம் எழுதும்போது மனதில் தும்பா வந்து போகிறது. இந்தக் கரையில் வடக்கே போனால் திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மீனவர் ஊர். பூமியின் காந்த நடுக்கோடு அதை ஒட்டிப் போவதால் ராக்கெட் ஏவ அந்த இடம் வேண்டும் என்று விக்ரம் சாராபாய் கேட்டார். ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரேரா மக்களிடம் பேசினார். நம்மைப் போலக் கடலை நம்பி வாழ்ந்த அந்த மக்கள் தங்கள் வீடுகளையும், தாங்கள் ஜெபித்த மகதலா மரியாள் கோயிலையும் விட்டுக்கொடுத்து வேறு இடம் போனார்கள். அந்தக் கோயில் கட்டிடத்தில்தான் விஞ்ஞானிகள் உட்கார்ந்து வேலை செய்தார்கள். 1963 நவம்பர் 21ஆம் தேதி இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் அங்கிருந்து கிளம்பியது. அந்த வேலையிலிருந்து வளர்ந்த இந்திய விண்வெளி நிறுவனமான இஸ்ரோவுக்குப் பிறகு நம் மாவட்டத்துக்காரர்களான கே. சிவனும் வி. நாராயணனும் தலைவர்களாக வந்தார்கள். நம் ஊர்க்காரர் தலைவர் என்பதால் செயற்கைக்கோள் உண்மை ஆகிவிடாது, அது எனக்குத் தெரியும். ஆனால் தங்கள் கோயிலையே கொடுத்த கடற்கரை மக்களை, கோயில் திருவிழா மேடையிலேயே ஏமாந்தவர்கள் என்று ஒருவர் சொல்லப் போகிறார். அதை என்னால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

பட்டிமன்றத்தின் மேல் எனக்கு வெறுப்பில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் விடிய விடிய உட்கார்ந்து ரசித்த கலை அது. வாழ்க்கையில் எது பெரியது, யார் செய்வது சரி என்று இரண்டு விதமாகவும் நியாயம் பேச முடிகிற விஷயங்களுக்கு அது பொருத்தமானது. தலைக்கு மேல் ஒரு பொருள் இருக்கிறதா இல்லையா என்பது பேச்சுத் திறமையாலோ கைதட்டலாலோ முடிவாகிற விஷயம் கிடையாது. நன்றாகப் பேசுகிறவர் ஜெயிப்பார். அவர் நன்றாகப் பேசுகிறவர். அடுத்த வாரம் இன்னும் சில போட்டுகளில் பெட்டி கழன்றுவிடும். "ஜனங்க முடிவு பண்ணட்டும்" என்று சொன்னவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அப்படிப் பெட்டி இல்லாமல் போன படகு புயலில் சிக்கினால் அந்த வீட்டு வாசலில் போய் யார் நிற்பது?

சந்தேகப்படுகிற தம்பிகளை நான் குறைசொல்லவில்லை. என் வகுப்பில் எழுந்து பேசிய அந்த மாணவனையும் நான் திட்டவில்லை. சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும், அதற்கான கருவி நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதுதான் அவனுக்கும் உங்களுக்கும் நான் சொல்வது.

என் கோரிக்கைகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் நாள் பட்டிமன்றத்தை ரத்து செய்யுங்கள். அந்தப் பேச்சாளருக்குக் கொடுத்த சிறப்பு அழைப்பைத் திரும்பப் பெறுங்கள். அவர் பார்வையாளராக வர விரும்பினால் தாராளமாக வரட்டும். அதே மாலை கடற்கரையில் எங்கள் அறிவியல் மன்றத்துக்கு இடம் கொடுங்கள். ஆன்டெனாவும் கணினியும் நாங்கள் கொண்டுவருகிறோம், அவர் முதல் வரிசையில் உட்கார்ந்து என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். இருட்டியதும் அலங்கார விளக்குகளைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள். அன்று நேரம் வாய்த்தால் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் போகும் சர்வதேச விண்வெளி நிலையத்தை வெறும் கண்ணால் பார்க்கலாம். அது வராவிட்டாலும் வேறு செயற்கைக்கோள்கள் கடந்துபோவதைக் காட்டுவோம். பிறகு மைக்கை ஆழ்கடல் டிரைவர்களிடமும் ஒக்கியில் ஆளை இழந்த குடும்பங்களிடமும் கொடுங்கள்.

டிரான்ஸ்பாண்டரைக் கழற்றாமல், அணைக்காமல் எடுத்துப் போகும்படி கோயில் மைக்கிலும் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் குழுவின் பெயரில் அறிவிப்பு கொடுங்கள். அந்த வீடியோக்களை இந்தக் குழுவில் பகிர்ந்தவர்கள் அவை தவறு என்று அதே குழுவில் எழுத வேண்டும். பெட்டி பழுதான படகுகள், பெட்டியே கிடைக்காத வள்ளங்கள் எவை என்று ஒரு பட்டியல் எடுங்கள். படகு நிற்கும் இடம் பற்றிய தகவலை யார் பார்க்கிறார்கள், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று மீன்வளத் துறை எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியையும் அதோடு சேர்த்து மனுவாகக் கொடுப்போம். அதில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

திருவிழா நோட்டீஸ் அச்சுக்குப் போவதற்கு முன் எனக்கு எழுத்தில் பதில் தாருங்கள். நம் கோயிலை நடத்தும் பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு அழைத்தால் வந்து பேசவும் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
இந்தக் கரையில் பிறந்த ஓர் இயற்பியல் ஆசிரியை,
கன்னியாகுமரி மாவட்டம்